காத்திருப்போர் பட்டியல்: சொத்தா, கடனா?

(கூட்டுறவுக் கல்விப் பாடம்)

"எங்கள் சங்கத்துச் சரக்கு வேண்டுமானால் ஓராண்டுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்" என்று பெருமையுடன் கூறும் காரியதரிசிகள் உண்டு. அப்பெருமை நியாயமானதே. விற்காமல் தேங்கிய துணியைக் கணக்கெடுத்துச் சலித்தவர்களுக்கு, துணி தறியிலிருந்து இறங்குமுன்பே அதற்கு உரியவர் காத்திருக்கிறார் என்னும் செய்தி இனிக்காமல் வேறென்ன செய்யும்? ஆயினும், ஆய்வுக்குச் செல்லும் நாம் அடுத்தபடியாக ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "காத்திருப்போரிடம் வாங்கிய முன்பணம் எந்தப் பேரேட்டில், யார் பெயரில், என்ன தலைப்பில் இருக்கிறது?" என்பதே அது. இக்கேள்விக்கு உடனே விடை கிடைக்கும் சங்கங்களும் உள்ளன. ஏடுகளைப் புரட்டித் தேடும் சங்கங்களும் உள்ளன.

பொருளுக்காகக் காத்திருப்போரின் பட்டியல் சங்கத்துக்குச் சொத்தா, கடனா என்பதே இம்மாதப் பாடம். இதை விளக்க நமது தறியையும் வயலையும் விட்டுச் சற்றுத் தொலைவு செல்வோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்கான கோல்களைக் கையால் கடைந்து செய்யும் கைவினைஞர்கள் உள்ளனர். அவர்களுள் பெயர் பெற்றவர்களிடம் ஒரு கோலுக்குச் சொல்லி வைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். பருவமழையின் நெருக்கடியோ, முகூர்த்த நாளின் நெருக்கடியோ இல்லாத தொழில் அது. கை, மரம், காலம் ஆகிய மூன்று மட்டுமே அங்கு உண்டு. ஆகவே காத்திருப்பின் இயல்பை அங்கே தெளிவாகக் காணலாம்.

ஆட்டமும் கோலும்

பில்லியர்ட்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதன் கிளையாகிய ஸ்னூக்கர் 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகளிடையே தோன்றி, பின்னர் உதகமண்டலம் கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பெற்று வளர்ந்தது. அமெரிக்காவில் பெருவழக்கிலுள்ளது மற்றொரு கிளை. கம்பளித் துணி இழுத்துக் கட்டிய மேசையில் 6 பைகள் இருக்கும். எண்ணிட்ட 15 பந்துகளை, வெள்ளைப் பந்து ஒன்றினால் அடித்துப் பைகளில் வீழ்த்த வேண்டும். வெள்ளைப் பந்தைத் தள்ளும் கருவியே கோல்.

அந்தக் கோல் ஏறத்தாழ 58 அங்குல நீளமும், 18 முதல் 21 அவுன்ஸ் வரை எடையும் உடையது. பெரும்பாலும் இரு துண்டுகளாகச் செய்து நடுவில் திருகினால் இணைப்பார்கள். முன்தண்டு மேப்பிள் என்னும் வட அமெரிக்க மரத்தால் ஆனது. அதன் நுனி 13 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்து, தோல் வில்லை ஒன்றோடு முடியும். பின்தண்டில் கருங்காலி, ஈட்டி இனத்து மரங்கள் முதலியவற்றைக் கூர்முனைகளாகச் செதுக்கி மேப்பிளோடு கோத்து ஒட்டுவர். கை பிடிக்கும் இடத்தில் அயர்லாந்து லினன் நூலை நெருக்கமாகச் சுற்றி, அழுத்தி மெருகிடுவது பழைய வழக்கம். லினன் என்பது ஆளிச் செடியின் நாரினின்றும் நூற்பது. ஆக, ஒரு கோலில் மரம் வளர்ப்பவன், நார் பயிரிடுபவன், நூல் நூற்பவன், கடைசல்காரன் ஆகிய பலரின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது என்பதை நெசவாளரும் விவசாயிகளும் எளிதில் உணர்வர்.

அவசரப்படுத்த முடியாத மரம்

ஒரு கோலுக்கு இத்தனை ஆண்டு காத்திருப்பானேன் என்று கேட்கலாம். காரணங்களுள் முதலாவது மரத்தின் இயல்பு.

நல்ல கோல் அம்பு போல் நேராக இருக்க வேண்டும். ஆண்டுகள் பல கழிந்த பின்பும் வளையலாகாது. மரத்துக்குள்ளே ஈரமும் இறுக்கமும் உண்டு. ஒரு சதுரக் கட்டையை ஒரே நாளில் கடைந்து மெலிதாக்கினால், உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டு, தண்டு சில வாரங்களில் கோணிக்கொள்ளும். ஆதலின் தேர்ந்த கைவினைஞர் சிறிது கடைந்து, பின் தொங்கவிட்டு ஆறவிடுகிறார். வாரங்களோ மாதங்களோ சென்ற பின் மறுபடி சிறிது கடைகிறார். இவ்வாறு பல முறை நிகழும். ஒவ்வொரு முறையும் கோணிய தண்டுகள் கழிக்கப்படும். கடைசியில் தேறுபவை தொடங்கியவற்றில் ஒரு பகுதியே.

இதனால் விளங்குவது யாதெனில், கடைசல் இயந்திரங்களை இரட்டிப்பாக்கினாலும் ஆறவைக்கும் காலத்தைப் பாதியாக்க முடியாது என்பதாகும். சித்திர வேலைக்குக் கணிப்பொறி இயக்கும் கருவிகள் வந்து வேலையை விரைவுபடுத்தியது உண்மையே. மரம் ஆறும் காலம் மட்டும் பழையபடியே உள்ளது. நெல் முற்றும் நாட்களும், பாவுக்குப் போட்ட கஞ்சி காயும் நேரமும் அப்படிப்பட்டவை அல்லவா?

இரண்டாவது காரணம் கை. வாங்குவோர் கேட்பது ஏதோ ஒரு கோலை அன்று. குறிப்பிட்ட ஒருவர் கடைந்த கோலையே கேட்கின்றனர். அவர் பத்து உதவியாளரை அமர்த்தி உற்பத்தியைப் பெருக்கினால், "இது அவர் கையால் செய்ததுதானா?" என்ற ஐயம் எழும். ஐயம் எழுந்த இடத்தில் கிராக்கி குறையும். ஆகவே அவர் தம் புகழைக் காப்பதற்காகவே உற்பத்தியைக் குறைவாக வைத்துக்கொள்ள நேர்கிறது.

மூன்று பட்டறைகள்

இத்தொழிலில் மிகவும் புகழ் பெற்ற பெயர் ஜார்ஜ் பாலபுஷ்கா என்பதாகும். 1912-ஆம் ஆண்டில் ரஷ்யாவில் பிறந்த இவர், சிறு வயதில், 1924-ஆம் ஆண்டில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடியேறினார். தச்சுத் தொழிலில் பழகி, நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் வாழ்ந்தார். 1959-ஆம் ஆண்டில் கோல் செய்யத் தொடங்கியபோது, நண்பர்களுக்குப் பரிசளிப்பதற்காகவே அவற்றைச் செய்தார். பின்னர் சிறந்த ஆட்டக்காரர்கள் அவரைத் தேடி வந்தனர். வயலின் செய்வோரில் ஸ்ட்ராடிவேரி எப்படியோ, கோல் செய்வோரில் பாலபுஷ்கா அப்படி என்று கூறப்படும் அளவுக்கு அவர் பெயர் ஓங்கியது. 1975-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அதுவரை அவர் செய்தவை 1,000 முதல் 1,200 கோல்கள் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. 16 ஆண்டுகளுக்கு வகுத்துப் பார்த்தால், ஆண்டுக்கு 62 முதல் 75 வரை, அதாவது மாதம் 5 அல்லது 6 கோல்களே வருகின்றன.

இங்கு நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பாலபுஷ்கா தமது கோலின் ஒவ்வொரு பாகத்தையும் தாமே செய்தவரல்லர். கூர்முனை கோத்த பின்தண்டுக் கட்டைகளைப் பிரன்ஸ்விக் கம்பெனியின் 'டைட்லிஸ்ட்' என்னும் வகையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் ஸாம்போட்டி ஆகிய சக கைவினைஞர்களிடமிருந்து பெற்றார். தனிமனிதரின் கைவண்ணம் என்று உலகம் போற்றும் பொருளுக்குள்ளும் பிறர் கை இருந்தது. சாயம் தோய்ப்பவரும், பாவு ஓட்டுபவரும், அச்சுப் பிணைப்பவரும் இல்லாமல் நெசவாளர் புகழ் பெற முடியுமா?

மேற்கூறிய கஸ் ஸாம்போட்டி பென்சில்வேனியா மாநிலத்தவர். வரைகலைஞராக இருந்து கோல் செய்யும் தொழிலுக்கு வந்தவர். 1988-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய மகன் பாரி தந்தையின் தொழிலை ஏற்று, தந்தையின் பெயருக்கு இழுக்கு வராமல் நடத்தினார்.

மூன்றாவது உதாரணம், லாஸ் வேகாஸ் நகரத்துச் சவுத்வெஸ்ட் என்னும் பட்டறை. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்ரி பிராங்க்ளின் இதை ஏற்படுத்தினார். 1996-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அவருடைய மனைவி லாரி பிராங்க்ளின் பட்டறையை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார். கோலின் அமைப்பும், அளவுகளும், செய்முறையும் மாறாமல் காக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் நீளும் காத்திருப்புக்கு இப்பட்டறையே இத்துறையினர் முதலில் சுட்டும் உதாரணமாயிற்று.

மூன்றையும் ஒப்பிடுவோம். முதலாமவரின் கை ஓய்ந்தது. அத்துடன் தொழில் முடிந்தது. அவர் பெயரைத் தாங்கிய தொழிற்சாலைக் கோல்கள் பின்னர் வந்தன. ஆனால் சேகரிப்போர் அவற்றை வேறாகவே எண்ணுகின்றனர். இரண்டாமவரின் தொழில் மகனிடம் சென்றது. மகனுக்கு விருப்பமும் திறமையும் இருந்தமையால் அது நிலைத்தது. மூன்றாமவரின் தொழில் பட்டறையிடமே நின்றது. செய்முறை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றது. காத்திருப்போரின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள். தனிமனிதரிடம் பெயர் பதிந்தவர், அம்மனிதரின் ஆயுளை நம்பிக் காத்திருக்கிறார். பட்டறையிடம் பதிந்தவரின் நம்பிக்கைக்கு உறுதி அதிகம். இவ்வரிசையில் நான்காவதாக வைக்கத் தக்கது கூட்டுறவுச் சங்கம். ஒருவர் போனாலும் சங்கம் இருக்கும். ஆனால் சங்கத்தின் ஏடு சரியாக இருந்தால்தான் அந்த உறுதி மெய்யாகும்.

பட்டியல் நீளும் கணக்கு

பட்டியல் எவ்வாறு வளர்கிறது? இது கடினமான கணிதமன்று. ஒரு கைவினைஞர் ஆண்டுக்கு 60 கோல்கள் செய்கிறார் என்றும், ஆண்டுக்கு 80 பேர் கேட்கின்றனர் என்றும் கொள்வோம். ஆண்டுதோறும் 20 பேர் மிஞ்சுவர். 6 ஆண்டுகளில் பட்டியலில் 120 பேர் சேர்வர். ஆண்டுக்கு 60 வீதம் செய்தால், கடைசியில் நிற்பவர் 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். பட்டியலிலுள்ள பெயர்களை ஆண்டு உற்பத்தியால் வகுத்தால் காத்திருக்கும் காலம் கிடைக்கும். இச்சூத்திரத்தை ஒவ்வொரு காரியதரிசியும் மனத்தில் வைத்திருப்பது நலம்.

இதனினும் விந்தையான ஒரு நிலை உண்டு. பட்டியல் நீண்டது என்ற செய்தி பரவினால் பட்டியல் மேலும் நீள்கிறது. "இத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்றால் பொருள் உயர்ந்ததாகத்தான் இருக்கும்" என்று புதியவர்கள் வந்து பெயர் பதிகின்றனர். 1986-ஆம் ஆண்டில் மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கிய 'தி கலர் ஆப் மணி' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் பாலபுஷ்கா கோல் ஒன்று பரிசாக வழங்கப்படும் காட்சி உண்டு. உண்மையில் படத்தில் காட்டியது அதைப்போல் தோன்றும் ஜாஸ் என்னும் பட்டறையின் கோலே. அசல் கோல் சேதமானால் இழப்பு பெரிது என்பதே காரணம். இப்படத்துக்குப் பின் அமெரிக்காவில் இந்த ஆட்டமும், கைவினைக் கோல் சேகரிப்பும் புத்துயிர் பெற்றன. பாலபுஷ்கா காலமாகி அப்போது 11 ஆண்டுகள் கழிந்துவிட்டன. கேட்பவர் பெருகியபோது செய்பவர் இல்லை.

ஆனால் பட்டியலிலுள்ள பெயர்கள் யாவும் மெய்யான வாங்குவோர் அல்ல. ஒருவரே மூன்று நான்கு பட்டறைகளில் பெயர் பதிந்திருப்பார். முதலில் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுவார். சிலர் முறை வரும்போது முகவரி மாறியிருப்பர். சிலருக்கு ஆசை தணிந்திருக்கும். சிலர் மறுவிற்பனைக்காகவே பதிந்திருப்பர். எனவே, 300 பெயர் இருக்கிறது என்று நம்பி மூலப்பொருள் வாங்கிக் குவிப்பது விவேகமன்று.

இடைவெளி யார் கைக்குப் போகிறது?

ஒரு பொருள் எல்லாருக்கும் போதாதபோது பங்கிடும் வழிகள் மூன்று: விலையை உயர்த்துவது, வரிசையில் நிறுத்துவது, வேண்டியவருக்குத் தயவு காட்டுவது.

விலையை வேண்டிய அளவு உயர்த்தினால் வரிசை தானே கரையும். கைவினைஞர் பலர் அவ்வாறு செய்வதில்லை. பழைய வாடிக்கைக்காரர்களைக் கைவிட மனமில்லாமையும், ஆட்டக்காரர் கையில் தம் கோல் இருக்க வேண்டும் என்னும் விருப்பமும், நாளை கிராக்கி குறையலாம் என்னும் முன்னெச்சரிக்கையும் இதற்குக் காரணங்கள். ஆகவே அவர்கள் சொல்லும் விலைக்கும், கோல் சந்தையில் பெறும் விலைக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டாகிறது.

அந்தப் பள்ளத்தில் தங்கும் பணம் யாருக்கு? செய்தவருக்கன்று. பல ஆண்டு காத்திருந்து கோலைப் பெற்ற ஒருவர், ஒரு பந்தும் அடிக்காமல், மறுநாளே கூடிய விலைக்கு விற்றுவிடலாம். வரிசையிலுள்ள இடத்தையே பிறருக்கு விற்பதும் நடக்கிறது. இன்று ஒரு பாலபுஷ்கா கோல் பல்லாயிரம் டாலருக்குக் கை மாறுகிறது. அதைக் கடைந்தவருக்கு அன்று கிடைத்த கூலியோடு கணக்கு முடிந்தது. பட்டுச் சேலையை நெய்தவர் பெற்ற கூலியையும், அது கடைத்தெருக் கண்ணாடிப் பெட்டியில் பெறும் விலையையும் ஒப்பிட்டு வருந்தியவர்களுக்கு இக்கதை புதிதன்று. இந்தப் பள்ளத்தை இடைத்தரகர் நிரப்பாமல், உற்பத்தி செய்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கூட்டுறவு இயக்கம் தோன்றியது.

தயவு என்னும் மூன்றாவது வழி மிகவும் ஆபத்தானது. பெயர் பெற்ற ஆட்டக்காரருக்கோ, நெடுநாள் வியாபாரிக்கோ தனி ஒதுக்கீடு செய்வது தனியார் பட்டறைக்கு உரிமையாகலாம். சங்கத்தில் அதற்கு இடமில்லை. நிர்வாக சபை அங்கத்தினரின் உறவினர் ஒருவர் வரிசையைத் தாண்டிச் சேலை பெற்றார் என்ற பேச்சு ஒரு முறை எழுந்தால், பத்தாண்டு சேர்த்த நல்ல பெயர் அத்துடன் போய்விடும்.

காத்திருப்பின் நடுவே உலகம் மாறும்

நீண்ட பட்டியலில் மறைந்திருக்கும் மற்றோர் ஆபத்து, காலம் கொண்டுவரும் மாறுதல். இன்று ஒப்புக்கொண்ட விலைக்கு எட்டாண்டு கழித்துப் பொருள் தர நேர்ந்தால், மரத்தின் விலையும் கூலியும் உயர்ந்திருக்கும். செய்பவர் நஷ்டத்துக்கு வேலை செய்வார்.

சட்டமும் மாறும். பழைய கோல்களில் நுனிப் பூணுக்கும் இணைப்புக்கும் யானைத் தந்தம் பயன்பட்டது. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஆப்பிரிக்க யானைத் தந்த வாணிபத்தைச் சில விலக்குகள் தவிர அறவே தடுத்தது. பிரேசில் நாட்டு ஈட்டி இனத்து மரமும் 1992-ஆம் ஆண்டில் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்க்கப்பட்டது. இத்தகைய பொருள்களைப் போட்டுத் தருவதாக வாக்களித்த பின் சட்டம் மாறினால், வாக்கைக் காப்பது எப்படி?

இச்சிக்கல்களைக் கண்ட கோல் செய்வோர் பலவகை ஏற்பாடுகளைக் கைக்கொண்டனர். சிலர் பெயரை மட்டும் பதிந்துகொண்டு, வேலை தொடங்கும் காலம் வரும்வரை பணம் வாங்குவதில்லை. சிலர் விலையையும் அப்போதுதான் தீர்மானிக்கின்றனர். சிலர் பட்டியலை மூடிவிட்டு, இருப்பதை முடித்தபின்பே புதிய பெயர்களை ஏற்கின்றனர். வேறு சிலர் பட்டியலே வேண்டாம் என்று, தாம் விரும்பியபடி செய்து கண்காட்சிகளிலோ வியாபாரிகள் மூலமோ விற்கின்றனர். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கூற இயலாது. ஆனால் எல்லா ஏற்பாடுகளின் அடியிலும் ஒரே எண்ணம் உள்ளது: கொடுக்க முடியாத வாக்கைச் சுமக்கக் கூடாது என்பதே அது.

சங்கக் கணக்கில் ஓர் உதாரணம்

இனி நம் ஏட்டுக்கு வருவோம். ஒரு நெசவாளர் சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்குக் கோர்வைக் கரை நெசவில் கைதேர்ந்தோர் வேலை செய்யும் தறிகள் 4. ஒரு தறியில் மாதம் 2 சேலை வீதம், 8 சேலைகள் ஆகும், ஆண்டுக்கு 96. கேட்போரோ ஆண்டுக்கு 120 பேர். ஆண்டுக்கு 24 பேர் மிஞ்சி, 5 ஆண்டுகளில் பட்டியல் 120 ஆகும். கடைசியில் இருப்பவர் 15 மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொருவரிடமும் ரூ. 2,000 முன்பணம் பெற்றிருந்தால், சங்கத்தின் கையில் ரூ. 2,40,000 இருக்கும். காசுப்புத்தகத்தில் இருப்பு மிகுதியாகத் தோன்றும். சிறப்பாக நடக்கிறது என்று மகாசபையில் கைதட்டலும் கிடைக்கலாம். ஆனால் இத்தொகையில் ஒரு காசும் சங்கத்தினுடையதன்று. சேலை கொடுக்கும்வரை அது வாடிக்கைக்காரரின் பணம். ஐந்தொகையில் பொறுப்புகளின் பக்கத்தில் நிற்க வேண்டியது. அதை எடுத்துக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாலும், வேறு சரக்குக்கு நூல் வாங்கினாலும், கடன் வாங்கிச் செலவழித்ததாகவே பொருள்.

மேலும், சேலை ஒன்றின் விலையை இன்றே உறுதி செய்துவிட்டோம் என்றும், 15 மாதங்களுக்குள் பட்டும் ஜரிகையும் ஏறி ஒரு சேலைக்கு ரூ. 1,500 கூடுதல் செலவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 120 சேலைகளுக்கு ரூ. 1,80,000 நஷ்டம். பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நஷ்டம். பெருமை என்று எண்ணியது பாரமாக மாறும் இடம் இதுவே.

இதனினும் முக்கியமானது நாள். கோலுக்குக் காத்திருப்பவர் இன்னும் ஓராண்டு பொறுக்கலாம். பழைய கோலால் ஆடிக்கொண்டிருக்கலாம். முகூர்த்தப் புடவைக்குப் பொறுமை கிடையாது. தாலி கட்டும் நாளுக்கு மறுநாள் வந்து சேரும் கூறைப்புடவையால் யாருக்கு என்ன பயன்? அவ்வாறே ஒட்டு மாங்கன்றுக்குச் சொல்லி வைத்த விவசாயி, குழியெடுத்து மழைக்குக் காத்திருக்கிறார். பருவம் தப்பிக் கன்று கொடுத்தால் ஓராண்டை அவரிடமிருந்து பறித்ததாகும். ஆகவே அமெரிக்கக் கைவினைஞர் காட்டும் எச்சரிக்கையினும் பன்மடங்கு எச்சரிக்கை நமக்கு வேண்டும்.

கைக்கொள்ளத் தக்க முறைகள்

மேற்கூறியவற்றிலிருந்து சங்கங்கள் பின்வரும் முறைகளைத் தத்தம் துணைவிதிகளுக்கும் நிர்வாக சபைத் தீர்மானத்துக்கும் இணங்க அமைத்துக்கொள்ளலாம்.

1. பதிவுக்கெனத் தனி ஏடு வைக்க வேண்டும். வரிசை எண், நாள், பெயர், முகவரி, பொருளின் விவரம், தேவைப்படும் நாள், பெற்ற தொகை, ரசீது எண் ஆகியவற்றைப் பதிய வேண்டும். தனித் தாள்களில் குறித்துக்கொள்வதும், காரியதரிசியின் நினைவை நம்புவதும் கூடாது.

2. முன்பணத்தைத் தனித் தலைப்பில் வரவு வைத்து, மாதந்தோறும் பதிவேட்டின் மொத்தத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சரக்குக் கொடுத்த பின்பே அதை விற்பனையாகக் கருத வேண்டும்.

3. பெயர் பதியும்போதே பட்டியலை உற்பத்தியால் வகுத்து, கிடைக்கக்கூடிய மாதத்தை வாடிக்கைக்காரருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் நாளுக்குள் முடியாதெனில் பதிவை ஏற்காமல் விடுவதே நேர்மை.

4. விலை எந்நாளில் உறுதியாகும் என்பதை ரசீதிலேயே எழுத வேண்டும். நூல் வாங்கிப் பாவு போடும் நாளின் விலையே விலை என்று வைப்பது இரு சாராருக்கும் நியாயமானது.

5. ஆண்டுக்கு ஒரு முறை காத்திருப்போர் யாவருக்கும் அஞ்சலட்டை எழுதி, "இன்னும் தேவையா?" என்று கேட்க வேண்டும். தேவையில்லை என்பவரின் பணத்தைத் திருப்பி, பெயரை நீக்கினால் பட்டியல் மெய்யானதாகும்.

6. ஒருவர் தம் இடத்தைப் பிறருக்கு விற்பதை அனுமதிக்கலாகாது. வரிசை எண்களைச் சங்கத்துப் பலகையில் எல்லாரும் காணுமாறு எழுதி வைத்தால், தயவுக்கும் சந்தேகத்துக்கும் இடமிராது.

7. கைதேர்ந்த நெசவாளர் ஒவ்வொருவரிடமும் இளைஞர் ஒருவரேனும் பழக ஏற்பாடு செய்ய வேண்டும். பட்டியலின் நீளத்தைக் குறைக்க மெய்யான வழி கைகளைப் பெருக்குவதே. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே இன்றே தொடங்க வேண்டும்.

ஏழாவதை நாம் வற்புறுத்திக் கூறுகிறோம். கோர்வை போடத் தெரிந்த முதியவர் நால்வர் மட்டுமே உள்ள சங்கம், 120 பேருக்கு வாக்களித்திருக்கிறது என்றால், அவ்வாக்குகள் யாவும் அந்நால்வரின் கண்பார்வையையும் உடல்நலத்தையும் நம்பி நிற்கின்றன. அவர்களுள் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால் பட்டியலில் நாலிலொரு பங்கு ஆடிப்போகும். பாலபுஷ்காவின் கோலுக்கு நேர்ந்தது நமது கரைக்கும் பேட்டுக்கும் நேரலாகாது. கலை ஒருவர் கையில் பிறக்கலாம். அதைப் பல கைகளுக்குக் கொண்டு சேர்ப்பது சங்கத்தின் கடமை.

அங்கத்தினர்களே! பிறர் நம்மை நம்பிப் பணத்தையும் நாளையும் ஒப்படைத்திருக்கின்றனர் என்பதற்கான சாட்சியே காத்திருப்போர் பட்டியல். ஒவ்வொரு பெயரும் நாம் தீர்க்க வேண்டிய ஒரு கடன். அக்கடனை நாள் தவறாமல் தீர்க்கும் சங்கத்துக்கு நம்பிக்கை என்னும் சொத்து தானே சேரும்.

சங்கக் கல்வி வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நமது சங்கத்தில் இப்போது எத்தனை பேர் எந்தெந்தப் பொருளுக்குக் காத்திருக்கின்றனர்? கடைசியில் உள்ளவருக்கு எத்தனை மாதத்தில் கிடைக்கும்?

2. அவர்களிடம் பெற்ற முன்பணம் ஐந்தொகையில் எந்தப் பக்கத்தில் காட்டப்பட்டுள்ளது? இன்று எல்லாரும் திருப்பிக் கேட்டால் கொடுக்க முடியுமா?

3. பெயர் பதியும் நாளின் விலை, பாவு போடும் நாளின் விலை ஆகிய இரண்டில் எதைக் கொள்வது நியாயம்? நெசவாளரின் நிலையிலிருந்தும் வாங்குவோரின் நிலையிலிருந்தும் ஆராய்க.

4. ஒருவர் மட்டுமே அறிந்த வேலை நமது சங்கத்தில் எது? அதை இரண்டாமவர் கற்க என்ன ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது?

5. ஒரு பொருளுக்குக் கிராக்கி மிகும்போது, கூடுதலாகக் கிடைக்கும் தொகை செய்பவருக்குச் சேரச் சங்கம் என்ன செய்யலாம்?